நர்ஸ் குரூப்பைத் திறந்து விடலாமா, பூட்டி வைக்கலாமா?

மாவட்ட அளவிலான ஒரு நர்ஸ் வாட்ஸ்அப் குரூப் முந்நூறு நானூறு பேரைத் தாண்டியதும் யாராவது ஒருவர் "சிஸ்டர், இதை அட்மின் ஒன்லி ஆக்கிடுங்க, தாங்க முடியலை" என்று எழுதிவிடுவார். உடனே பத்துப் பேர் கைகூப்பும் எமோஜி போடுவார்கள், இன்னும் பத்துப் பேர் "அப்போ நாங்க எங்க பேசுறது?" என்று கேட்பார்கள், அன்று ராத்திரி முழுக்க அதைப் பற்றியே சண்டை ஓடும். இந்த முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் இருக்கும் அட்மின்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களில் நிறையப் பேர் ஆசைப்பட்டு அந்தப் பொறுப்புக்கு வந்தவர்கள் இல்லை. யாரோ ஆரம்பித்த குரூப்பில் "நீங்களும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சேர்க்கப்பட்டவர்கள், டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து சமையலுக்கு நடுவே முந்நூறு மெசேஜைப் படித்து எது தப்பு எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள்.

கையில் இருப்பது நாலு வழி. ஒன்றும் செய்யாமல் திறந்து விடுவது, அட்மின் மட்டும் பேசுவது, ஒவ்வொரு பதிவையும் படித்துப் பார்த்து அனுமதித்த பிறகு வெளியே விடுவது, எல்லோரையும் பேச விட்டு விதி மீறியதை மட்டும் எடுப்பது. என் சாய்வு நாலாவது பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற மூன்றுக்கும் அதனதன் இடம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் நாலாவதற்குப் போனால் அதுவும் ஆறு மாதத்தில் கெட்டுப்போகும்.

எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் பேசிவிடலாம். வழக்கமாக நாம் வைக்கும் அளவுகோல், சண்டை வராமல் இருக்க வேண்டும் என்பது. நான் வைப்பது வேறு: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான ஒரு ஸ்டாஃப் நர்ஸ், இருபது வருஷ சர்வீஸ் உள்ள சீனியர் சொன்ன டோஸ் தவறு என்று அந்தக் குரூப்பில் சொல்ல முடியுமா, சொல்லிவிட்டு மறுநாள் நிம்மதியாக டியூட்டிக்குப் போக முடியுமா? இதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் அது நல்ல குரூப், அங்கே நாலு சண்டை நடந்தாலும் பரவாயில்லை.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் ஒரு குரூப்பில் பார்த்த ஒரு விஷயம். நைட் டியூட்டியில் இருந்த ஒரு பெண், பொட்டாசியம் குறைந்த நோயாளிக்குக் கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) ஒரு ஆம்பியூல் எழுதியிருக்கிறது, எப்படிப் போடுவது என்று கேட்டாள். ஒரு சீனியர் "ஸ்லோவா ஐவி போடும்மா" என்று பதில் போட்டார். கேசிஎல்லை டைல்யூட் பண்ணாமல் நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், இது நம் எல்லோருக்கும் முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தது. நம் ஊரில் கிடைக்கிற 15 சதவீத 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லிஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது, அதைப் பாட்டிலில் நன்றாகக் கலந்து, சாதாரண வார்டில் கையில் போட்ட லைன் வழியாக மணிக்கு 10 மில்லிஈக்விவலன்டுக்கு மேல் போகாமல்தான் விடுவோம். அந்தச் சீனியர் மனதில் நினைத்ததும் டிரிப்பில் கலந்து மெதுவாக என்பதாகவே இருக்கும். ஆனால் எழுதியது அப்படி இல்லையே. இன்னொரு ஜூனியர் உடனே, "மேடம், டைரக்டா போடக்கூடாது, டைல்யூட் பண்ணியே ஆகணும், தப்பா சொல்லாதீங்க" என்று எழுதினாள். அதற்குப் பிறகு வரிசையாக வந்த மெசேஜ்களில் ஒன்றுகூட கேசிஎல் பற்றி இல்லை. "சீனியர்கிட்ட பேசுற முறையா இது", "எந்த காலேஜ்மா நீ", "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மரியாதையே கிடையாது" என்று போனது. கடைசியில் அட்மின் வந்து அந்த ஜூனியரின் மெசேஜை நீக்கினார். சீனியர் எழுதியது அப்படியே இருந்தது.

அந்த அட்மின் நல்லவர்தான், சண்டையை நிறுத்த நினைத்தார். ஆனால் விதி என்று எதுவும் எழுதி வைக்காத குரூப்பில், யார் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம்தான் மரியாதை என்று ஆகிவிடுகிறது, நம் தொழிலில் அது எப்போதும் சீனியர் பக்கம்தான். டோஸ் சந்தேகத்தைக் குரூப்பில் கேட்கவே கூடாது, டியூட்டி டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பி "இதுகூடத் தெரியாதா" என்று ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளை அடுத்த முறை குரூப்பில்தான் கேட்கும். அது நடக்கிற வரைக்கும் குரூப்பில் வருகிற பதில் சரியாக இருந்தாக வேண்டும்.

இன்னொரு பக்கம் கேடர் சண்டை, அதாவது பணிப்பிரிவுகளுக்குள் நடக்கும் சண்டை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நர்ஸ் என்றால் ஒரே கூட்டம். உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும், ஒரே குரூப்பில் நிரந்தரப் பணியில் இருப்பவர், தொகுப்பூதியத்தில் இருப்பவர், தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர், கிராம சுகாதார செவிலியர், டிப்ளமோ படித்தவர், பிஎஸ்சி படித்தவர் என்று எத்தனை வகை. 2015-ல் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தார்கள், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்து அது நடக்காமல் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடைய வேலை 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. இந்த வலி எல்லாம் குரூப்புக்குள்ளே இருக்கிறது. "நாங்க எக்ஸாம் எழுதி வந்தவங்க" என்று ஒருவர் சாதாரணமாக எழுதுகிற ஒரு வரி, வேலை போன இன்னொருவருக்கு எங்கே போய்க் குத்தும் என்று எழுதியவருக்குத் தெரியாது. அதனால் இந்தக் குரூப்களில் கெட்ட வார்த்தையை மட்டும் தேடிப் பிடிக்கிற அட்மினுக்கு வேலையே இருக்காது. நம்மவர்கள் கெட்ட வார்த்தை பேசுவதில்லை, "சிஸ்டர்", "மேடம்" என்று மரியாதையாகவே அழைத்துக் காயப்படுத்துகிறார்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

திறந்து விடுவது

கூடப் படித்த பேட்ச், ஒரே வார்டு, ஒரே ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் இதுதான் சரி. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், யாராவது எல்லை மீறினால் போன் பண்ணியே பேசிவிடலாம். முப்பது நாற்பது பேர் இருக்கிற குரூப்புக்கு விதி எழுதி ஒட்டினால் அதுவே சண்டையாகும்.

ஆள் கூடக் கூட இது உடைகிறது. முதலில் வருவது குட் மார்னிங் படங்கள், அதைத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்து வருகிறவர்கள்தான் பிரச்சினை. "ஜெர்மனி வேகன்சி, லாங்வேஜ் ஃப்ரீ, இன்றே அப்ளை செய்யுங்கள்" என்று தினமும் ஒரு விளம்பரம், போட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது, யாரோ சேர்த்துவிட்ட ஏஜென்ட். வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் எடுப்பதை அரசு நிறுவனங்கள் மூலமாகச் செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2015-ல் விதி கொண்டு வந்ததே ஏஜென்ட்கள் லட்சக்கணக்கில் பணம் பிடுங்கியதால்தான். தமிழ்நாட்டுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எந்த ஏஜென்சி பதிவு பெற்றது என்று யாரும் பார்க்கலாம். கட்டுப்பாடு இல்லாத குரூப்பில் இதை யாரும் கேட்பதில்லை, "இன்ட்ரஸ்டட்" என்று வரிசையாக நம்பர் போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நம்பர் என்றதும் இன்னொன்று. வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், அத்தனை பேருக்கும் உங்கள் நம்பர் தெரியும். ஒரு பெண் ஒரு சந்தேகம் கேட்டதற்குக் குரூப்பில் பதில் சொல்லாமல் ராத்திரி தனியாக "ஹாய் சிஸ்டர், எந்த ஊர்" என்று மெசேஜ் வரும். இதைப் பற்றி அவள் அட்மினிடம் புகார் சொல்வதில்லை, பேசுவதை நிறுத்திவிடுகிறாள், அவ்வளவுதான். குரூப் அமைதியாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

அட்மின் மட்டும் பேசுவது

இதற்கு ஆதரவு அதிகம், காரணமும் நியாயமானது. கவுன்சிலிங் தேதி, சீனியாரிட்டி லிஸ்ட், அரசாணை, கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கிற அறிவிப்பு இதெல்லாம் இருநூறு மெசேஜுக்குள் புதைந்துபோய் ஒருவர் கடைசி நாளைத் தவறவிட்டால் அதன் நஷ்டம் பெரியது. அறிவிப்புக்கு என்று தனியாகப் பூட்டிய ஒரு இடம் கட்டாயம் வேண்டும். இதில் விவாதமே தேவையில்லை.

ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் குரூப்பில் சண்டையே இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. பேச வேண்டியவர்கள் பேசத்தான் செய்வார்கள், பக்கத்தில் ஒரு குரூப் ஆரம்பித்து அங்கே பேசுவார்கள், அங்கே எதிர்த்தரப்பு இருக்காது. தொகுப்பூதியக்காரர்கள் தனியாக, நிரந்தரப் பணியாளர்கள் தனியாக, ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாக. ஒரு வதந்தி அங்கே கிளம்பினால் அதைத் தெரிந்தவர் மறுக்க வழியே கிடையாது. நான் வைத்த அளவுகோலில் இந்த வழிக்குப் பூஜ்யம்தான், ஏனென்றால் ஜூனியர் கேட்கவே முடியாது, அப்புறம் எங்கே திருத்துவது. போதாததற்கு அட்மின் தவறான தகவல் போட்டால் யாரும் அதைச் சுட்டிக்காட்டவும் முடியாது.

பார்த்து அனுமதிப்பது

ஃபேஸ்புக் குழுக்களில் இது எளிது, பதிவு வரிசையில் நிற்கும், அட்மினோ மாடரேட்டரோ பார்த்து விடுவார். நோயாளி விஷயத்தில் இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து "இந்த எழுத்து என்னன்னு தெரியுதா" என்று கேட்பார்கள், மேலே நோயாளியின் பெயர், வயசு, ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) எல்லாம் இருக்கும். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அவசரத்தில் செய்கிறார்கள். முன்பே பார்த்தால் அது வெளியே போகாது.

இது அலட்சியமாக விடக்கூடிய விஷயம் இல்லை. அமெரிக்காவில் மாநில நர்சிங் போர்டுகளின் தேசியக் கவுன்சில் 2010-ல் எடுத்த கணக்கில், பதில் சொன்ன 46 போர்டுகளில் 33 போர்டுகளுக்கு, சமூக ஊடகத்தில் நர்ஸ்கள் நோயாளியின் படத்தையோ தகவலையோ போட்டதாகப் புகார் வந்திருந்தது. அதில் 26 போர்டுகள் நடவடிக்கையும் எடுத்தன. நம் ஊரில் எச்ஐவி உள்ள ஒருவரின் நிலையை வெளியே சொல்வதை 2017-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். கொல்கத்தா ஆர்ஜி கர் மருத்துவமனைச் சம்பவத்தில் இறந்த மருத்துவரின் பெயரும் படமும் போன் போனாகப் பரவி, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருந்தது. போலீஸ் விசாரணைக்குப் போகிற ஒரு எம்எல்சி கேஸ் நம் குரூப்புக்கு வந்தால் அது எத்தனை நிமிஷத்தில் ஊர் முழுக்கப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு சொல்லியும் நான் ஏன் இதைத் தேர்வு செய்யவில்லை? முதல் காரணம் நேரம். நம் ஆட்கள் கேள்வி கேட்பது ராத்திரியில், அட்மின் தூங்குகிற நேரத்தில், அல்லது அட்மினும் இன்னொரு வார்டில் டியூட்டியில் இருக்கிற நேரத்தில். காலையில் அனுமதி கிடைக்கும்போது கேட்டவளுக்கு அந்தப் பதில் தேவையே இருக்காது. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. வரிசையில் நின்று வெளியே வராமலே போன பதிவு யாருக்கும் தெரியாது. போட்டவளுக்குத் தன் பதிவு ஏன் வரவில்லை என்று தெரியாது, குரூப்புக்கு அப்படி ஒரு பதிவு வந்ததே தெரியாது. அட்மின் ஒரு சங்கத்துக்காரராக இருந்தால் மற்ற சங்கத்தின் பதிவு தாமதமாகும், அவர் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் அப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

சட்டப் பக்கத்தையும் பார்க்க வேண்டும், அட்மின்களுக்கு இதில் பயம் அதிகம். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்களின் ஒரு வாட்ஸ்அப் குரூப் பற்றிய வழக்கில், மனுதாரர் அட்மினாக மட்டும் இருந்து வேறு எதுவும் செய்யவில்லை என்று தெரிந்தால் போலீஸ் தன் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. அதே வருஷம் மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினர் போட்டதற்கு அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்கிற திசையிலேயே சொன்னார்கள். ஆக, யாரோ போட்டதற்கு நாம் ஜெயிலுக்குப் போவோம் என்ற பயத்தில் குரூப்பைப் பூட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பதிவையும் நானே படித்து, நானே சரி என்று விட்டேன் என்றால், நான் வெறும் அட்மின் என்று பிறகு சொல்வது அவ்வளவு எளிதாக இருக்காது என்பது என் எண்ணம். பாதுகாப்புக்காகச் செய்வது பொறுப்பைக் கூட்டிவிடலாம்.

பேச விட்டுப் பிறகு எடுப்பது

இதைச் சரியாகச் செய்ய மூன்று விஷயம் வேண்டும், மூன்றும் இல்லாவிட்டால் இது முதல் வழியைவிட மோசம்.

விதி எழுதி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஏதோ சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. 2019-ல் ஜே. நேதன் மட்டியாஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது, ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் அறிவியல் குழுவில் சில விவாதங்களுக்கு மேலே மட்டும் விதிகளை ஒட்டி வைத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார். விதி ஒட்டிய இடத்தில் புதியவர்கள் அதை மதித்து நடப்பது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அங்கே பேச வந்த புதியவர்கள் சராசரியாக 70 சதவீதம் அதிகமானார்கள் என்பது. விதி போட்டால் ஜூனியர்கள் பயந்து ஒதுங்குவார்கள் என்று நினைக்கிறோம், அவர்கள் ஒதுங்குவது எது தப்பு எது சரி என்று தெரியாத இடத்திலிருந்துதான்.

விதி எப்படி இருக்கலாம் என்பதற்கு, நான் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதை இங்கேயும் எழுதுகிறேன். நோயாளியின் பெயர், முகம், ஐபி நம்பர், கேஸ் ஷீட் எதுவும் வரக்கூடாது, வந்தால் கேட்காமல் எடுக்கப்படும். மருந்து, டோஸ், புரசீஜர் பற்றிய தவறை யாரும் யாருக்கும் சுட்டிக்காட்டலாம், அந்தத் திருத்தம் எந்தக் காரணத்துக்காகவும் நீக்கப்படாது, தவறான பதில்தான் நீக்கப்படும். ஒருவருடைய படிப்பு, கேடர், சாதி, குடும்பம் பற்றிப் பேசினால் ஒரு நாள் பேச முடியாது. வேலை விளம்பரம் ஏஜென்சியின் பதிவு எண்ணோடு மட்டும். தெரியாதவருக்குத் தனியாக மெசேஜ் போடுவதற்கு முன் குரூப்பில் அனுமதி கேட்க வேண்டும், மீறினால் நேராக வெளியே.

இதில் இரண்டாவது விதிதான் உயிர். கேசிஎல் சம்பவத்தில் இந்த விதி இருந்திருந்தால் அட்மின் சீனியரின் பதிலை எடுத்துவிட்டு, ஜூனியரின் திருத்தத்தை மேலே பின் பண்ணியிருப்பார். "தப்பா சொல்லாதீங்க" என்ற வார்த்தை உறுத்தியிருந்தால் அதை அவளிடம் தனியாகச் சொல்லலாம், மறுநாள் சொல்லலாம், அவசரமே இல்லை.

அடுத்தது, எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அட்மின் நீக்கினால் யார் நீக்கினார் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. அந்த வெற்றிடத்தில்தான் எல்லாக் கதையும் பிறக்கிறது. "விதி 1, நோயாளி பெயர் இருந்ததால் எடுத்தோம், பெயரை மறைத்து மறுபடி போடுங்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதும். ரெடிட்டை வைத்து 2019-ல் செய்த இன்னொரு ஆய்வில், காரணம் சொல்லி எடுத்த இடங்களில் அதே ஆள் மறுபடி விதி மீறுவது குறைந்திருந்தது. மனுஷ சுபாவம்தானே, காரணம் தெரிந்தால் கோபம் ஆறிவிடும்.

மூன்றாவது, யார் மாடரேட்டர். ஒருத்தர் தலையில் கட்டாதீர்கள். ஐந்து பேர் என்றால் கேடருக்கு ஒருவராவது இருக்கட்டும், தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒருவர், தனியாரில் இருக்கும் ஒருவர், பிரதர்களில் (ஆண் நர்ஸ்களில்) ஒருவர், ஐந்து வருஷத்துக்குக் குறைவான சர்வீஸ் உள்ள ஒருவர் கட்டாயம். நைட்டில் எப்போதும் ஒருவர் பார்க்கும்படி டியூட்டி போட்டுக்கொள்ளுங்கள், நமக்கு அது கஷ்டமே இல்லை. நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் உறுப்பினராக இருக்கலாம், மாடரேட்டராக வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், லீவு சாங்க்ஷன் பண்ணுகிறவர் மெசேஜை எடுக்கவும் முடியும் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சங்கப் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி என் தோழிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மாவட்டத்தில் ஒரே சங்கம்தான் என்றால் சரி, இரண்டு மூன்று இருந்தால் யாரும் வேண்டாம் என்பது என் கருத்து.

பெயர் போட்டா, போடாமலா?

தங்கள் தவறைப் பகிர்கிற விஷயத்தில் பெயரில்லாத வழி ஒன்று வேண்டும். 2017-ல் அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் ரடோண்டா வாட் என்ற நர்ஸ், மயக்க மருந்து வெர்செட்டுக்குப் பதிலாக தசைகளைச் செயலிழக்க வைக்கும் வெக்குரோனியத்தைக் கொடுத்துவிட, நோயாளி இறந்துபோனார். தவறைத் தானே சொன்னவர் அவர். 2022 மார்ச்சில் கோர்ட் அவரைக் குற்றவாளி என்றது, மே மாதம் மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அதற்குப் பிறகு அங்கே நர்ஸ்கள் கேட்ட கேள்வி, இனி யார் தன் தவறைச் சொல்வார்கள் என்பதுதான். நம் ஊரிலும் மெமோவுக்கும் 17(பி) ஒழுங்கு நடவடிக்கைக்கும் பயந்து, நூலிழையில் தப்பிய எத்தனை தவறுகள் வெளியே வராமல் போகின்றன. அவை வந்தால் மற்ற நூறு பேர் கற்றுக்கொள்வார்கள்.

ஃபேஸ்புக்கில் பெயர் மறைத்துப் பதிவு போடும் வசதி இருக்கிறது, ஆனால் அட்மினுக்குப் பெயர் தெரியும் என்பதை மறக்கக்கூடாது. அதைவிட, மின்னஞ்சல் கேட்காத ஒரு கூகுள் ஃபார்ம் வைத்து, அதில் வருவதை மாடரேட்டர் படித்து, மருத்துவமனை, தேதி, நோயாளி தெரியாதபடி மாற்றிக் குரூப்பில் போடுவது நல்லது. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மூன்றாவது வழி, அதாவது முன்பே பார்த்து அனுமதிப்பது, சரியாகப் பொருந்துகிறது.

மற்றபடி சர்வீஸ் விஷயம், சங்க விஷயம், டிரான்ஸ்ஃபர் பேச்சு இதிலெல்லாம் சொந்தப் பெயரோடு பேசட்டும். பெயரில்லாமல் பேச விட்டால் ஒரு வாரத்தில் ஆள் பெயர் சொல்லி லஞ்சப் புகார் வரும், அதைச் சரிபார்க்க அட்மினால் முடியாது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 1973-ம் வருஷத்து நடத்தை விதிகள் இருக்கின்றன, அரசைப் பொதுவில் விமர்சிப்பதற்கு அதில் கட்டுப்பாடு உண்டு. தொள்ளாயிரம் பேர் இருக்கிற குரூப்பை நம் வீட்டுக் கூடம் என்று நினைத்துப் பேசக்கூடாது, ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். இதைப் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுவது மாடரேட்டரின் கடமை என்றே நினைக்கிறேன்.

எந்த ஆப்?

நாலாவது வழியை வாட்ஸ்அப்பில் நடத்துவது கஷ்டம். ஒருவரை மட்டும் ஒரு நாள் பேசவிடாமல் நிறுத்த அங்கே வழியில்லை, ஒன்று வெளியே தள்ள வேண்டும், இல்லை எல்லோர் வாயையும் பூட்ட வேண்டும். நம்பர் எல்லோருக்கும் தெரியும். 2022-ல் வந்த கம்யூனிட்டி வசதியில் அறிவிப்புப் பகுதியில் நம்பர் மறைந்திருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் குரூப்களில் தெரிந்துவிடும். டெலிகிராமில் நம்பரை மறைக்கலாம், ஒருவரை மட்டும் ஒரு மணி நேரமோ ஒரு நாளோ நிறுத்தலாம், சண்டை சூடாகும்போது ஸ்லோ மோட் போட்டு ஒருவர் ஒரு மெசேஜ் போட்டால் அடுத்ததற்குச் சில நிமிஷம் காத்திருக்க வைக்கலாம். மருந்துச் சந்தேகம், சர்வீஸ், வெளிநாடு, படிப்பு என்று தலைப்பு பிரித்தும் வைக்கலாம். எந்த அட்மின் எதை நீக்கினார் என்பது 48 மணி நேரத்துக்கு மற்ற அட்மின்களுக்குத் தெரியும், ஒருவர் தன் விருப்பத்துக்கு நடந்துகொண்டால் மற்றவர்கள் கேட்கலாம்.

டெலிகிராமின் குறையையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குரூப் முழுக்க என்கிரிப்ட் ஆனது, உள்ளே இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாது, டெலிகிராம் குரூப் அப்படி இல்லை, ஆகவே நோயாளி விதி இங்கே இன்னும் கறாராக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய அக்காக்கள் நிறையப் பேரிடம் இந்த ஆப்பே கிடையாது, அவர்கள் அனுபவம் இல்லாத குரூப் பாதிக் குரூப்தான். ஒரு ஜூனியரைக் கூடவே உட்கார வைத்து அவர்கள் போனில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆக என் முடிவு: வார்டு, பேட்ச் அளவில் வாட்ஸ்அப்பில் திறந்த குரூப். மாவட்ட அளவில் அறிவிப்புக்குப் பூட்டிய வாட்ஸ்அப் ஒன்று, பேச்சுக்கு விதியோடு திறந்த டெலிகிராம் ஒன்று, தவறுகளைப் பகிர ஒரு ஃபார்ம். மாடரேட்டர் ஐந்து பேர் கிடைக்கவில்லை என்றால் பேச்சுக் குரூப்பைத் தொடங்காதீர்கள், அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆள் கிடைத்ததும் தொடங்கலாம்.

ஒரு நடைமுறை விஷயம் மிச்சம் இருக்கிறது. குரூப்பைத் தொடங்கியவர் வெளிநாடு போனாலோ, ரிட்டயர் ஆனாலோ, நம்பரை மாற்றினாலோ உரிமையை யாரிடம் கொடுப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். டெலிகிராமில் உரிமையை மாற்றிக் கொடுக்க, கொடுப்பவர் இரண்டடுக்குப் பாஸ்வேர்டு போட்டு ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கிளம்புகிற அன்று ஏர்போர்ட்டில் உட்கார்ந்து மாற்ற முடியாது, அதனால் தொடங்குகிற அன்றே அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு வைத்துவிடச் சொல்லுங்கள்.